இரவல் வாங்கி வெட்டிய குண்டிக்காய்

நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலைக்கு இப்போது சுவர் அகலத்தில் ஒரு திரை வந்திருக்கிறது. அதில் விரலால் ஒரு கோடு இழுத்தால் சிறுநீரகம் இரண்டாகப் பிளந்து உள்ளே உள்ளதெல்லாம் நிறம் நிறமாகத் தெரிகிறது. இரத்தம் இல்லை, வாடை இல்லை, பிறகு மேசை துடைக்கவும் தேவையில்லை. அதைக் காட்டுவதற்கென்றே என்னைக் கூப்பிட்டிருந்த புதிய உயிரியல் ஆசிரியை, "ரீச்சர், உங்கட காலத்தில இதை எப்பிடிச் செய்தனீங்கள்? பாடசாலை மலருக்கு ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றார். அவர் "உங்கட காலம்" என்று சொன்ன விதத்தைக் கேட்டால், மன்னார்க் கோட்டை கட்டியபோது நான் கல் சுமந்தவள் என்று நினைப்பீர்கள். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது.

ஆனாலும் என்னை எழுதச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பேசச் சொன்னாலும் அப்படித்தான்.

நான் தாழ்வுபாட்டில் பிறந்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுவதற்கு முன்பே மீன் வெட்டப் பழகியவள். மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தால் முள்ளந்தண்டை ஒட்டினாற்போலக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை கிடக்கும். "அந்த இரத்தத்தை வடிவாச் சுரண்டு பிள்ளை, இல்லாட்டிக் கறி கசக்கும்" என்பார் அம்மா. நானும் சுரண்டிச் சுரண்டிக் காகத்துக்கு எறிந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அது இரத்தம் அல்ல, மீனின் சிறுநீரகம் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கில் சிறுநீரகங்களைக் கையாண்ட அனுபவத்தோடு பல்கலைக்கழகம் வந்தவள் நான் ஒருத்திதான் இருக்கும். அது எனக்குத் தெரியாமல் போனது வேறு விசயம்.

பல்கலைக்கழகத்தில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டுச் சிறுநீரகம் வெட்டிக் காட்டிய நாளில் ஒரு மேசையைச் சுற்றி வகுப்பு முழுவதும் நின்றது. நான் கட்டை. எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவளின் பின்னலும் அதில் செருகியிருந்த கறுப்புக் கிளிப்பும்தான். பரீட்சையில் படம் கேட்டார்கள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே கீறிச் சித்தியடைந்தேன்.

ஆசிரியையான முதல் வருடம் மன்னார் ரவுணில் இறைச்சிக் கடைக்குப் போய், "அண்ணை, ஒரு குண்டிக்காய் வேணும். பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். கடையில் சிறுநீரகத்துக்கு அதுதான் பேர். நல்ல மனிதர். ரீச்சர் கை கறைபடக் கூடாதென்று கொழுப்பை நீக்கி, தோலை உரித்து, குழாய்களை அரிந்து எறிந்து, கறிக்கு அளவாக நறுக்கிப் பையில் போட்டுத் தந்தார். வகுப்பில் திறந்து பார்த்தால் அதில் சிறுநீரகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. துண்டுகளைத் தட்டில் சேர்த்துப் பொருத்திப் பார்த்தோம். இரண்டு துண்டு ஈரல் என்று பின்னேரம் ஆய்வுகூட உதவியாளர் சொன்னார்.

அடுத்த முறை முழுதாக வாங்கினேன். அதை வெட்டிய பிறகு மாணவர்களின் படங்களைத் திருத்தும்போது எல்லாரும் புத்தகத்தில் உள்ளதுபோல எட்டுக் கூம்புகள் கீறியிருந்தார்கள். எல்லாருக்கும் முழுப் புள்ளி போட்டேன். மனிதச் சிறுநீரகத்தில் கூம்புகள் தனித்தனியாக இருக்கும், ஆட்டில் அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே முகடாகவே இருக்கும் என்பது பிறகு ஒருநாள் சாவகாசமாக வெட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கண்முன்னே கிடந்த ஆட்டை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்பியவர்கள் அந்த வகுப்பில் மாணவர்கள் மட்டுமல்ல.

இப்படியெல்லாம் தேறித் தெளிந்த பிறகுதான் வெள்ளாங்குளம் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. சனங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வயல் செய்கிற குடும்பங்கள். பாடசாலைக்கு ஒரு கட்டிடம் இருந்தது. ஆய்வுகூடம் என்று ஒரு அலுமாரி இருந்தது. அதிபரும் இருந்தார்.

அதிபரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெலிந்த, மரியாதையான மனிதர். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தபடி "பாப்பம்" என்பார். இல்லை என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வெறும் "பாப்பம்" என்றால் சரி என்று அர்த்தம். "பாப்பம், ரீச்சர்" என்றால் நடக்காது. இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட ஒரு வருடம் எடுத்தது. அந்த வருடம் முழுவதும் நான் கேட்டிருந்த நுணுக்குக்காட்டி வரும் என்று காத்திருந்தேன்.

உயர்தர வகுப்புக்குச் சிறுநீரகம் வெட்ட வேண்டும் என்று போய் நின்றேன். கண்ணாடி கழன்றது. வளவுக்குள்ளேயே பிள்ளையார் கோவில் இருப்பதால் பாடசாலைக்குள் மச்சம், அதாவது மீன் இறைச்சி, கொண்டுவருவதில்லை.

"அது மச்சமோ, பாடமோ, ரீச்சர்?"

"பாடம்தான் சேர்."

"வெட்டி முடிய?"

"அப்பவும் பாடம்தான்."

நெடுநேரம் துடைத்தார். "பின்னுக்கு விறகுக் கொட்டில் இருக்கு. அது கோயிலுக்கு முதுகு காட்டி நிக்குது. பாப்பம்" என்றார். அந்த "பாப்பம்" தனியே வந்தது. எனக்குக் காற்றில் நடப்பது போல இருந்தது.

இனிக் குண்டிக்காய் வேண்டும். அந்த ஊரில் இறைச்சிக் கடை இல்லை. புதன்கிழமை காலையில் இராசதுரை என்பவர் ஒரு ஆடு அடித்துப் பங்கு போடுவார். தென்னோலைக் கிடுகின் மேல் எத்தனை வீடோ அத்தனை குவியல். ஒவ்வொரு குவியலிலும் தொடை, விலா, ஈரல், குடல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்க வேண்டும். குண்டிக்காய் சின்னது என்றாலும் அதையும் அத்தனை துண்டாக நறுக்கிக் குவியலுக்கு ஒன்று வைப்பார்கள். ஒருவருக்கு முழுதாகக் கொடுத்தால் பங்கு பிழையாகிப்போகும்.

"நான் தனிய முடிவெடுக்கேலாது ரீச்சர்" என்றார் இராசதுரை. "பங்குகாரர் எல்லாரும் ஓமெண்டாத் தாறன்."

வீடு வீடாகப் போனேன். கல்வியின் பெருமை, பிள்ளைகளின் எதிர்காலம், வருங்கால வைத்தியர்கள் என்று ஒரு சொற்பொழிவு தயாராக வைத்திருந்தேன். முதல் வீட்டில் பாதி சொல்வதற்குள்ளேயே "எங்களுக்கு அது வேண்டாம் ரீச்சர், எடுங்கோ" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் நான் வாயைத் திறக்க முன்னமே சம்மதம். இந்த ஊரில் ஆசிரியருக்கு என்ன மதிப்பு என்று கண் கலங்கிவிட்டது. தாழ்வுபாட்டுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடம் சொன்னேன்.

கடைசி வீடு யோகேஸ்வரியுடையது. அவருடைய மகள் நிரோஜா என் வகுப்பில் படித்தவள், அதிகம் பேசாத பிள்ளை. யோகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். சொற்பொழிவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது தரேலாது ரீச்சர்" என்றார்.

விசயம் அப்போதுதான் விளங்கியது. அவருடைய கணவர் கதிரேசுக்குச் சிறுநீரக வருத்தம். குண்டிக்காய்க்குக் குண்டிக்காய் சாப்பிட்டால் பலம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யோகேஸ்வரி ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் போய் நின்று, அவரவர் துண்டை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஊர் விட்டுக்கொடுத்துவிட்டது. மாசக்கணக்காகப் புதன்தோறும் சோடியாகக் குண்டிக்காய் அந்த வீட்டுக்குத்தான் போகிறது. எனக்கு "எடுங்கோ" என்று சொன்ன வீடுகள் எல்லாம் தங்களிடம் இல்லாததைத்தான் எனக்குத் தாராளமாகத் தந்திருந்தன.

"இப்ப அவருக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்ல சுகம் ரீச்சர். கிளினிக்குக்கும் இப்ப போறேல்லை. தேவையில்லை எண்டிட்டார்."

விறாந்தையில் கதிரேசு இருந்தார். கால் இரண்டும் வீங்கி, பாதத்தில் செருப்பின் வார் பதிந்த அடையாளம் அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். கதவோடு நின்ற நிரோஜா சிரிக்கவில்லை. அவை சுகமான மனிதரின் கால்கள் இல்லை. ஆனால் என்ன சொல்வது? நான் வைத்தியர் இல்லை. நான் கேட்டு வந்ததோ அவருடைய மருந்தை.

எழுந்து படலை வரைக்கும் வந்துவிட்டேன். யோகேஸ்வரி பின்னாலேயே வந்தார். "பிள்ளையளின்ர படிப்பு எண்டுறீங்கள். ஒண்டை வேணுமெண்டா இரவலாத் தரலாம். வெட்டிப் பார்த்திட்டுத் திருப்பித் தரவேணும். நானும் கூட வருவன்."

அடுத்த புதன் யோகேஸ்வரி தூக்குச்சட்டியோடு வந்து விறகுக் கொட்டிலில் முன்வரிசை வாங்குப்பலகையில் இருந்தார். மாணவர்கள் பின்னால் நின்றார்கள். நான் வெட்டுத் தட்டை எடுத்து வைத்தேன். யோகேஸ்வரி அதை முகர்ந்து பார்த்தார்.

"இதில முதல் என்ன வெட்டினது?"

"தேரை" என்றேன்.

யோகேஸ்வரி தட்டைத் தள்ளி வைத்தார். போய் ஒரு வாழையிலை அரிந்து வந்து விரித்தார். கத்தியையும் அப்படியே முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிட்டுத் தன் மடியிலிருந்து புதுச் சவர அலகு ஒன்றை எடுத்துத் தந்தார். இரத்தம் போகிற வழியைக் காட்டுவதற்காகச் சிவப்பு மை கரைத்து ஊசிக்குழலில் நிரப்பி வைத்திருந்தேன். அதைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"மையை ஏத்தினா எப்பிடி ரீச்சர் கறி வைக்கிறது?"

என் பாடக்குறிப்பில் கறி வைக்கிற பகுதி கிடையாது. மையை ஊற்றிக் கழுவிவிட்டு, "மஞ்சள் தண்ணி?" என்றேன்.

"மஞ்சள் எண்டாப் பரவாயில்லை. எப்பிடியும் போடத்தானே வேணும்."

அப்படியாக மஞ்சளை வடித்தெடுத்து, உள்வளைந்த பக்கத்தில் மூன்று குழாய்கள் வருகிற இடத்தைக் காட்டினேன். இரத்தம் கொண்டுவருவது ஒன்று, கொண்டுபோவது ஒன்று, சிறுநீர் இறங்குவது ஒன்று. முதலாவதில் ஊசிக்குழலைச் செருகி மெதுவாக அழுத்தினேன். பிறகு மேலே மூடியிருந்த மெல்லிய தோலில் ஒரு கீறு கீறி நுனியைப் பிடித்து இழுத்தேன். அவித்த முட்டையின் உள்தோல் போலக் கழன்று வந்தது. பிறகுதான் முக்கியமான வெட்டு. குறுக்கே வெட்டினால் ஒன்றும் தெரியாது. படுக்க வைத்து, புறத்தே வளைந்த விளிம்பிலிருந்து உள்வளைவை நோக்கி நீளவாக்கில் அலகை இழுத்து, முழுக்க அறுக்காமல் ஒரு ஓரத்தை விட்டுவிட வேண்டும். அப்போது புத்தகம்போல விரியும். என் பணிக்காலத்தில் அவ்வளவு நேராக நான் வெட்டியது அந்த ஒரு முறைதான். கறிக்காரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பயம்.

வெளிப்பட்டையில் மஞ்சள் பிடித்திருந்தது. அதற்குள்ளே கோடு கோடாக இறங்கும் கருஞ்சிவப்புப் பகுதி. எல்லாம் வந்து சேருமிடத்தில் வெள்ளையாக ஒரு கிண்ணம். வெளிப்பட்டையில்தான் கண்ணுக்குத் தெரியாத, சல்லடை போன்ற வடிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன, இரத்தம் அங்கே வடிபடுகிறது, உடம்புக்கு வேண்டியதைக் கீழே உள்ள குழாய்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, வேண்டாதது கிண்ணத்துக்கு இறங்குகிறது என்று விளக்கினேன். சிறுநீரகத்தி, கலன்கோளம் என்று பெயர்களையும் அடுக்கினேன். நன்றாகப் பேசுகிறேன் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அது வந்தால் நான் நிறுத்துவதில்லை.

யோகேஸ்வரி விரலால் அந்த மஞ்சள் ஓரத்தைத் தொட்டார். "அவருக்கு இதுதானோ பழுது?"

"ஓம். இந்த வடியள்தான்."

"பழுதானா திரும்ப முளைக்குமோ?"

"இல்லை. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்குத்தான் கிளினிக்கும் குளிசையும்."

இலையின் ஓரத்தில் வழிந்த மஞ்சளைத் துடைத்தார். பிறகு, "ரீச்சர், இதைச் சாப்பிட்டா அவருக்கு இது வருமோ?" என்று கேட்டார்.

நிரோஜா தலையைக் குனிந்து வரைதல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் நிற்காமல் பேசிய நான் இப்போது சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். ஊர் முழுவதும் தன் வாய்க்குள் போவதை விட்டுக்கொடுத்திருக்கிறது. இவர் படலை படலையாகப் போய் நின்றிருக்கிறார். அதையெல்லாம் ஒரு சொல்லால் நான் அழிக்க வேண்டும். அதுவும் அவருடைய மகளுக்கு முன்னால்.

"இல்லை யோகேஸ்வரி" என்றேன். "வயித்துக்குள்ள போனா அதுவும் இறைச்சிதான். கரைஞ்சுபோயிடும். அவர் இறைச்சி கனக்கச் சாப்பிடவும் கூடாது."

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. விரிந்து கிடந்த குண்டிக்காயை முன்போல மூடி, இலையோடு சுருட்டித் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு போனார். மாணவர்கள் படம் கீறினார்கள். அன்று ஒருவரும் எட்டுக் கூம்பு கீறவில்லை.

அடுத்த புதன்கிழமை ஒவ்வொரு குவியலிலும் குண்டிக்காய்த் துண்டு இருந்தது. யோகேஸ்வரி வந்து பழையபடி பங்கு போடச் சொல்லிவிட்டாராம். அடுத்த கிளினிக் நாளில் புருசனும் பெண்சாதியும் மன்னார் பஸ்ஸில் போனார்கள். பிறசர் ஏறிக் கிடந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இயந்திரத்தில் போட்டு இரத்தம் சுத்திகரிக்கிற நிலைக்கு வந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னதாக நிரோஜா வந்து சொன்னாள். வைத்தியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கிழமைக்கு ஒரு நாள் குண்டிக்காய் சாப்பிட்டது பெரிய கேடில்லை, குளிசையை நிறுத்தியதுதான் கேடு என்று. அந்தப் பகுதியை நான் எங்கும் சொன்னதில்லை.

மற்றதைச் சொல்லாத இடமும் இல்லை. ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். வலயக் கல்விக் கந்தோரில் சொன்னேன். பயிற்சிப் பட்டறை ஒன்றில் "செய்முறைக் கற்பித்தலால் காப்பாற்றப்பட்ட ஓர் உயிர்" என்று தலைப்பிட்டு ஆற்றிய உரையில் கொட்டில் ஆய்வுகூடமாகிவிட்டது, வாழையிலையைக் காணவில்லை. என் ஓய்வுவிழாவிலும் அதையே சொன்னேன். அதே அதிபர் பக்கத்தில் இருந்து கண்ணாடி துடைத்தார்.

இந்தக் கட்டுரையையும் அந்த இடத்தில்தான் முடித்திருந்தேன். என் பாடம் ஒரு மனிதரைக் காப்பாற்றியது என்று அழகான கடைசிப் பந்தியும் எழுதியாகிவிட்டது. போன கிழமை கதிரேசுவும் யோகேஸ்வரியும் கிளினிக் முடிந்த கையோடு தாழ்வுபாட்டில் என் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு பூசணிக்காய். கதிரேசு மெலிந்துவிட்டார், ஆனாலும் இன்னும் மருந்தோடுதான் சமாளிக்கிறார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களைப் பற்றி எழுதும்போது கேட்காமல் போடக்கூடாதல்லவா. உண்மையைச் சொன்னால், பாராட்டுவார்கள் என்றும் நினைத்தேன்.

கதிரேசு கேட்டு முடித்துவிட்டு, "நல்லா இருக்கு ரீச்சர். எழுதுங்கோ" என்றார். பிறகு கோப்பையை உருட்டிக்கொண்டே, "ஆனா எனக்கு அது கூடாதெண்டு முதலே தெரியும்" என்றார்.

யோகேஸ்வரி திரும்பிப் பார்த்தார்.

"முதல் கிளினிக்கிலேயே நேர்ஸ் மிஸ்ஸி சொன்னவ, குண்டிக்காய், ஈரல் ஒண்டும் தொடக்கூடாதெண்டு. அடுத்த முறை போகேக்கை என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டா. பொய் சொல்ல வரேல்லை. சனத்துக்கு முன்னால நல்லா ஏச்சு வாங்கினன். பிறகு அங்க போகவும் ஏலாது, இவளுக்குச் சொல்லவும் ஏலாது. சுகம் வந்திட்டுது எண்டு சொல்லிப்போட்டு வீட்டில இருந்திட்டன்."

எனக்குக் கையில் இருந்த தாள்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதருக்கு என் பாடத்தால் கிடைத்தது அறிவு அல்ல. சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு சாட்டு.

"அது உங்களுக்குப் பிடிக்கிறேல்லை எண்டு தெரியும்" என்றார் யோகேஸ்வரி. "மருந்துதானே எண்டு நினைச்சன். கூடாதெண்டு ஏன் என்னட்டச் சொல்லேல்லை? செத்துப்போயிருந்தா?"

கதிரேசு பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வருத்தமெண்டு சொன்ன நாளில இருந்து நீ அழுதுகொண்டே திரிஞ்சனி" என்றார். "புதன்கிழமையில அதைச் சட்டியில வைக்கேக்கை மட்டும்தான் அழாமல் நிண்டனி."